சுமை ஏற்றினால்தான் உண்மை தெரியும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து புதுவைக் கடலோரத்து நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசி வந்தது. கடல் பொங்கக்கூடும் என்பது செய்தி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊர் முழுதும் அறிவித்தது. மக்கள் கரையைவிட்டு விலகினர். ஆழிப்பேரலை வீடுகளையும் படகுகளையும் அழித்தது. ஊரில் இருந்த ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினர்.

ஒலிபெருக்கி பேசாதிருக்கும்போது அதற்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும். குரல் கொடுத்த நொடியில் மின்னோட்டம் பல மடங்கு உயரும். அந்த நொடியில் மின்வழங்கி துவண்டுவிட்டால் என்ன பயன்? நீங்கள் வீட்டில் செய்யும் எலிமினேட்டருக்கும் இதே சோதனைதான்.

வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 1 ஆம்பியர் மின்மாற்றி, நான்கு டயோடுகள், 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, 7812 என்னும் சீராக்கி. மீட்டரில் சரியாக 12 வோல்ட் காட்டுகிறது. ஆனால் ரேடியோவை இணைத்து ஒலியைக் கூட்டினால் 'கொர்' என்ற இரைச்சல். குறை எங்கே?

எச்சரிக்கை: மின்மாற்றியின் 230 வோல்ட் பக்கத்தைத் தொடாதீர்கள். ஆசிரியரோ பெரியவரோ உடனிருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

முதலில் சுமையின்றி அளவிடுங்கள். மின்மாற்றி தரும் 12 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்சம் 17 வோல்ட். டயோடுகளில் ஏறக்குறைய 1.5 வோல்ட் போக, மின்தேக்கியில் 15.5 வோல்ட் இருக்கும். 7812 ஒழுங்காக வேலை செய்ய, அதற்குள் நுழையும் மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. எல்லாம் சரிபோலத்தானே தோன்றுகிறது?

இப்போது வெளியீட்டில் மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட், 5 வாட் பல்பை இணையுங்கள். அது சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். மின்தேக்கி வினாடிக்கு 100 முறை நிரம்புகிறது. இடைவேளையில் அது மட்டுமே சுமையைத் தாங்க வேண்டும். அப்போது ஏற்படும் இறக்கத்தைக் கணக்கிடலாம்:

மின்னோட்டம் ÷ (100 × மின்தேக்குதிறன்) = 0.4 ÷ (100 × 0.001) = 4 வோல்ட்.

ஆக, மின்னழுத்தம் 15.5லிருந்து 11.5 வரை இறங்கி ஏறுகிறது. வினாடிக்கு 100 முறை சீராக்கி தடுமாறுகிறது. அதுதான் அந்த இரைச்சல்! மீட்டர் சராசரியை மட்டுமே காட்டுவதால் பள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மின்தேக்கியை 4700 மைக்ரோ ஃபாரட்டாக மாற்றினால் இறக்கம் 1 வோல்ட்டுக்கும் குறைவு. இரைச்சல் அடங்கும்.

அப்படியும் அடங்கவில்லையா? மூன்று இடங்களைப் பாருங்கள்.

1. வீட்டு மின்னழுத்தம்: 230 வோல்ட் 190 ஆகக் குறைந்தால், மின்மாற்றி 10 வோல்ட்தான் தரும். மின்தேக்கியின் உச்சமே 12.5 வோல்ட் ஆகிவிடும். 15 வோல்ட் மின்மாற்றி போடலாம். ஆனால் மின்தேக்கி 35 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். சீராக்கி சூடேறும் என்பதால் அலுமினியத் தகடு பொருத்துங்கள்.

2. டயோடு: ஒன்று அறுந்துபோனாலும் மின்தேக்கி வினாடிக்கு 50 முறைதான் நிரம்பும், இறக்கம் இரட்டிப்பாகும்.

3. இணைப்புகள்: கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு ஃபியூஸ் முனைகளிலும் ஈயப்பற்றுகளிலும் பச்சை படியும். அந்த இடத்தில் 2 ஓம் தடை இருந்தால், 0.4 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் அங்கேயே தொலையும். மின்னோட்டம் இல்லாதபோது இழப்பு சுழி. அதனால்தான் சுமையின்றி அளந்தால் இக்குறை அகப்படாது. பல்பு எரியும்போது இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வையுங்கள். நல்ல இணைப்பில் ஏறக்குறைய சுழி காட்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 4700க்குப் பதில் 2200 மைக்ரோ ஃபாரட் போட்டால், இதே பல்புக்கு மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமா? தாளில் கணக்கிட்டு விடை கண்டபின் பல்பை இணைத்துச் சரிபாருங்கள்.