வானவழித் தொலைவும் கடிகார நேரமும்

ஓர் ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், கிலோமீட்டரில் விடை சொல்வோரும் உண்டு. மணிக்கணக்கில் சொல்வோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைப் புவியியல் வகுப்பில் படித்தேன். அதன் பயனை எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ஒரு துயர நாளில் உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு, எங்களுடன் வாழ்ந்த என் தாய்வழிப் பாட்டியார் காலமானார். அவருடைய ஒரே மகனான என் மாமா சிங்கப்பூரில் பணிபுரிகிறார். "பகல் ஒரு மணி விமானத்தில் புறப்படுகிறேன், நான்கு மணி நேரப் பயணம்" என்று தொலைபேசியில் சொன்னார். பெரியவர்கள் கணக்கிட்டார்கள். ஐந்து மணிக்கு இறங்குவார், வீடு வந்து சேர ஆறரை ஆகும், பொழுது சாய்ந்துவிடும். ஆகவே மாமாவுக்காகக் காத்திராமல், பேரனாகிய நானே கொள்ளி வைப்பது என்று முடிவாயிற்று.

இந்தக் கணக்கைச் சற்று ஆராய்வோம்.

முதலில் தொலைவு. சென்னை விமான நிலையம் ஏறத்தாழ வட அட்சம் 13 பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 80.2 பாகையிலும் உள்ளது. சிங்கப்பூர் விமான நிலையம் வட அட்சம் 1.4, கிழக்குத் தீர்க்கம் 104. வடக்குத் தெற்காக வேறுபாடு 11.6 பாகை, கிழக்கு மேற்காக 23.8 பாகை. ஒரு பாகை அட்சத்துக்கு 111 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஒரு பாகைத் தீர்க்கத்துக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். செங்கோண முக்கோண விதிப்படி கணக்கிட்டால் நேர்த்தொலைவு சுமார் 2,900 கிலோமீட்டர் என்று வரும்.

அடுத்து பயண நேரம். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் எனக் கொண்டால், மூன்றரை மணி நேரம் போதும். ஓடுபாதையில் ஊர்வது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு மணி நேரம். மாமா சொன்னது சரியே. 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளாகும் வரை இத்தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் இதே பயணத்துக்குப் பல நாட்கள் ஆயின.

அப்படியானால் பிழை எங்கே? கடிகாரத்தில்!

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடங்கள் ஆகும். இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகைத் தீர்க்கத்தைச் சார்ந்தது. சிங்கப்பூரின் நேரமோ, 1982 ஜனவரி முதல், 120 பாகைத் தீர்க்கத்தை ஒட்டியது. வேறுபாடு 37.5 பாகை. நான்கால் பெருக்கினால் 150 நிமிடங்கள், அதாவது இரண்டரை மணி நேரம். கிழக்கே உள்ள கடிகாரமே முந்தி ஓடும்.

நான் தயங்கியபடியே, "சின்னத் தாத்தா, மாமா சொன்ன ஒரு மணி சிங்கப்பூர் மணி. அப்போது நமக்குப் பத்தரைதான். இரண்டரைக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுவார்" என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தாளில் தாமே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரி, காத்திருப்போம்" என்றார்.

நான்கு மணிக்கு முன்பே மாமா வாசலில் வந்து இறங்கினார். தாயின் முகத்தைக் கண்டார். தம் கடமையைத் தாமே செய்தார்.

மாணவ நண்பர்களே! நம் வீடுகள் பலவற்றில் இன்று ஒருவரேனும் கடல் கடந்து வாழ்கிறார். அவர் ஒரு நேரத்தைச் சொன்னால், அது எந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம் என்று முதலில் கேளுங்கள். வகுப்பில் படிக்கும் தீர்க்கக் கோடுகள் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல.