இன்னும் ஒருவன் உண்டு

சிறுவர் ஊழியருக்கான வேதபாடம்
வேதபகுதி: 1 சாமுவேல் 16:1–13
வயது: 8 முதல் 12 வரை

ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் பெத்லகேமில் தாவீது அபிஷேகம் பெற்ற சம்பவத்தைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை அரிது. தேவன் வெளித்தோற்றத்தை அல்ல, இருதயத்தையே நோக்குகிறார் என்ற சத்தியத்தைப் பிள்ளைகள் வசன எண்ணோடு ஒப்பிப்பார்கள். அதே வகுப்பில் தாவீதும் கோலியாத்தும் உள்ள படத்தைக் கொடுத்து வர்ணம் தீட்டச் சொன்னால், தாவீதுக்கு வெளிர் ரோஜா நிறம் பூசப்படும். கோலியாத்துக்குக் கறுப்போ கரும்பழுப்போ வரும். அந்த வெளிர் நிறப் பென்சிலுக்கு நம் நாட்டுப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரே ‘ஸ்கின் கலர்’ என்பதுதான். அதைப் பிடித்திருக்கும் கையின் நிறம் பெரும்பாலும் அதுவல்ல. வாய் கற்றது ஒன்று, கை கற்றது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

பெங்களூருவுக்குத் தென்கிழக்கே, ஓசூர் சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்திருக்கும் பொம்மசந்திராவைப் போன்ற பணித்தளங்களில் இந்தப் பாடத்துக்குக் கூடுதல் பாரம் உண்டு. பெரிய தொழிற்பேட்டை அது. 2025 ஆகஸ்ட் 10 முதல் மெட்ரோ ரயிலின் மஞ்சள் பாதை ஆர்.வி. சாலையிலிருந்து புறப்பட்டு இங்கேதான் வந்து முடிகிறது. அதே சாலையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களோடு, வேலை தேடி வட மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களும் நெருக்கமான வாடகை வீடுகளில் வாழ்கின்றன. இத்தகைய இடத்தில் கூடும் சிறுவர், ஒருவர் மொழியை ஒருவர் அறியுமுன்னே ஒருவர் தோற்றத்தை ஒருவர் அளந்துவிடுகிறார்கள்: தோலின் நிறம், தலையில் எண்ணெய், காலில் செருப்பு, ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிச் சீருடை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த அளவுகோலை யாரும் உட்கார்ந்து கற்பிக்கவில்லை. “வெயில்ல ஆடாதடி, கறுத்துப் போயிடுவ” என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

தீர்க்கதரிசியின் கண்

கதையைச் சொல்லும்போது ஆசிரியர் அவசரப்பட்டு தாவீதிடம் ஓடிவிடுவதே வழக்கம். ஆனால் பாடத்தின் ஆழம் சாமுவேலிடம் இருக்கிறது. அவர் சாதாரண மனிதர் அல்லர்; பாலகனாயிருந்தபோதே தேவசத்தத்தைக் கேட்டவர். அவரே ஈசாயின் மூத்த குமாரனாகிய எலியாபைக் கண்டவுடன், இவனே அபிஷேகம் பெறவேண்டியவன் என்று எண்ணிவிட்டார். எலியாப் உயரமானவன். இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுலும் எல்லாரிலும் ஒரு தலை உயரமாயிருந்தான். அவனை ஜனங்களுக்கு முன்பாக நிறுத்தி, இவனுக்கு நிகரானவன் இல்லை என்று சொன்னவரும் இதே சாமுவேல்தான் (1 சாமுவேல் 10:23–24). அந்த உயரமான ராஜா கீழ்ப்படியாமற்போனதற்காக அழுதுகொண்டிருந்தவர், கண்ணீர் காயுமுன்னே மறுபடியும் ஓர் உயரமான வாலிபனையே தேடினார்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். தோற்றத்தைக் கண்டு தீர்ப்புச் செய்கிறவர்கள் துன்மார்க்கர் மாத்திரமே என்று அவர்கள் நினைத்தால், இந்தப் பாடம் தங்களுக்கு அல்ல என்று விட்டுவிடுவார்கள். ஆசிரியரும் விட்டுவிடுவார். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குத் தேவதூதனாகவும் மரியாளாகவும் சிவந்த பிள்ளையைத் தெரிந்தெடுத்து, ஏரோதுக்கும் சாத்தானுக்கும் கறுத்த பையனைத் தேடும் சபைகள் அநேகம். அவர்கள் மனதில் தீமை ஏதும் இல்லை. சாமுவேலிடத்திலும் தீமை இல்லை. கண் பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

எபிரெய மூலத்தில் 7ஆம் வசனத்தில் ஒரு சிறிய விசேஷம் உண்டு. வெளித்தோற்றம் என்ற பொருளில் அங்கே நிற்கும் சொல் ‘கண்கள்’ என்பதாகும். மனிதனுடைய பார்வை கண்களோடு நின்றுவிடுகிறது. கர்த்தருடைய பார்வை இருதயத்துக்குச் செல்கிறது என்பது அதன் போக்கு. நம்மிடையே “அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்றொரு பழமொழி வழங்குகிறது. இப்பாடத்தின் சுருக்கமாக அதைக் கரும்பலகையில் எழுதிப்போடும் ஆசிரியர்கள் உண்டு. சற்று நிதானித்தால் அது பாடத்துக்கு நேர் எதிரானது என்பது விளங்கும். முகத்தைப் பார்த்தே அகத்தை அறிந்துகொள்ளலாம் என்று பழமொழி சொல்கிறது. எலியாபின் முகத்தில் சாமுவேல் அப்படித்தான் எதையோ வாசித்தார்.

‘சிவந்த’ என்ற சொல்

இனி 12ஆம் வசனம். ஆசிரியர்களுக்கு இடறலாகும் இடம் இது. தோற்றத்தைப் பார்க்கவேண்டாம் என்று சொன்ன அதே அதிகாரம், வந்து நின்ற தாவீது சிவந்த மேனியும் அழகான கண்களும் உடையவன் என்றும் சொல்கிறது. சிலர் இந்த வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேறு சிலர், கதை எடுபடவேண்டும் என்பதற்காக, தாவீது அழகற்றவன், குள்ளன், அழுக்கானவன் என்று தாங்களாகவே சேர்த்துக்கொள்ளுகிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. அழகில்லாதவனுக்கு நல்ல இருதயம், அழகுள்ளவனுக்குக் கெட்ட இருதயம் என்று கற்பித்தால், அதுவும் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் செய்வதேயாகும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் பேச்சில் ‘சிவப்பு’ என்றால் வெளுத்த தோல். “பெண் நல்ல சிவப்பு” என்று வரன் பேசும் வீட்டில் வளரும் சிறுமி, தாவீதின் மேனி சிவந்தது என்று கேட்டால் என்ன விளங்கிக்கொள்வாள்? கடைசியில் தேவனும் சிவந்தவனைத்தான் தெரிந்துகொண்டார் என்றே விளங்கிக்கொள்வாள். அந்த எபிரெயச் சொல் ‘அத்மோனி’. தாவீதைத் தவிர, பிறந்தபோது ஏசாவுக்கு மாத்திரமே அது வழங்கப்படுகிறது (ஆதியாகமம் 25:25). மண்ணைக் குறிக்கும் ‘அதமா’ என்ற சொல்லோடும் ஆதாம் என்ற பெயரோடும் ஒலியால் உறவுடையது. தலைமயிரின் செம்மையா, முகத்தின் செம்மையா என்பதில் வேத அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. ‘வெள்ளைத் தோல்’ என்ற மெச்சுதலாக அதை எடுக்க இடமில்லை. தாவீது வெயிலில் ஆடு மேய்த்தவன். அடுத்த அதிகாரத்தில் இதே தோற்றத்தைக் கண்டுதான் கோலியாத் அவனை அசட்டைபண்ணுகிறான் (17:42). ஒரே முகம், ஒருவர் கண்ணுக்கு அழகு, மற்றவன் கண்ணுக்கு அற்பம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள்.

தோலின் நிறத்தைக் குறித்த இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு எவ்வளவு சீக்கிரத்தில் ஊட்டப்படுகிறது என்பதற்கு உலகமே சாட்சி. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். கறுப்பினப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையே நல்ல பொம்மை என்றார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்த ஆய்வும் குறிப்பிடப்பட்டது. நம் நாட்டில் 1975இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற முகப்பூச்சு, ‘ஃபேர்’ என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்க 2020 வரை ஆனது. அதற்கு முன்பே, 2009இல், சென்னையைச் சேர்ந்த ‘வுமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. பெயர் மாறியது, வீட்டுப் பேச்சு அத்தனை விரைவில் மாறுவதில்லை.

இருதயம் என்றால்

‘இருதயம்’ என்ற சொல்லைப் பிள்ளைகள் படத்தில் வரையும் சிவப்பு வடிவமாகவே அறிவார்கள். பொம்மசந்திராவில் இதை விளக்க ஒரு வழி கண்முன்னே நிற்கிறது. டாக்டர் தேவி ஷெட்டி 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நாராயண ஹ்ருதயாலயா இங்கேதான் இருக்கிறது. பெயரின் பொருளே இருதயத்தின் இல்லம். பார்வைக்குக் கொழுகொழு என்று இருக்கும் குழந்தையின் இருதயத்திலும் துவாரம் இருக்கக்கூடும். மருத்துவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடாமல், எக்கோ கருவியை வைத்துப் பார்க்கிறார். இவ்வளவு சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. எபிரெயரின் வழக்கில் இருதயம் என்பது உணர்ச்சிக்கு மாத்திரம் உரியதல்ல. ஒருவன் யோசிப்பதும் தீர்மானிப்பதும் அங்கேதான். ஆடுகளைக் காக்கச் சிங்கத்தோடும் கரடியோடும் போராடினதாகத் தாவீது பிற்பாடு சொல்லுகிறான் (17:34–35). யாரும் பார்த்துக் கைதட்டாத வனாந்தரத்தில் அவன் செய்த தீர்மானம் அது. இருதயத்தின் நிலை அதில் தெரிகிறது.

இன்னொரு எச்சரிப்பு. “தேவன் உன் இருதயத்தைப் பார்க்கிறார்” என்பதைக் கண்காணிப்புக் கேமராவைப் போலச் சொல்லிப் பயமுறுத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முகத்தைக் குறித்து ஏற்கெனவே கூசும் பிள்ளை, இனி இருதயத்தைக் குறித்தும் கூச ஆரம்பிக்கும். இந்த அதிகாரத்தில் அந்தப் பார்வை, தகப்பனே கூப்பிட மறந்த மகனைத் தேடிக் கண்டுபிடித்த பார்வை.

பழுப்புக் கண்கள்

இப்பாடத்தோடு ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் சிறுவயதுச் சம்பவம் அடிக்கடி சொல்லப்படுகிறது. 1867இல் அயர்லாந்தின் மில்லைல் ஊரில் பிறந்த அவருக்குப் பழுப்புக் கண்கள். தாயாரைப் போல நீலக்கண்கள் வேண்டும் என்று ஓர் இரவு ஜெபித்துவிட்டு, காலையில் கண்ணாடிமுன் ஓடினார். கண்கள் பழுப்பாகவே இருந்தன. 1895இல் இந்தியாவுக்கு வந்து முதலில் பெங்களூரில் தங்கினார். பின்பு திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று, கோவில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட சிறுமிகளை டோனாவூரில் தாயாயிருந்து வளர்த்து, 1951இல் அங்கேயே மரித்தார். சேலை உடுத்தி, காப்பித் தூளால் தோலின் நிறத்தை மாற்றிக்கொண்டு, அந்நியர் நுழையமுடியாத இடங்களுக்கு அவர் போனபோது, நீலக்கண்கள் இருந்திருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும் என்று சொல்லப்படுவதுண்டு.

அருமையான சம்பவம்தான். ஆயினும் அதைச் சொல்லும் விதத்தில் கவனம் தேவை. நீலமே உயர்ந்தது, பழுப்பும் ஒருவேளை உபயோகப்படும் என்ற தொனி வந்துவிடக்கூடாது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பழுப்புக் கண்களே. அவர்களுக்கு அது வேஷம் போட உதவும் சாதனம் அல்ல, அம்மாவின் கண்.

வகுப்பில்

பளபளக்கும் தாளில் கல்லையும் கிழிந்த செய்தித்தாளில் மிட்டாயையும் சுற்றிவைக்கும் பழைய உத்தியை இம்முறை விட்டுவிடுவது நல்லது. அது பிள்ளைகளுக்குத் தந்திரத்தைக் கற்பிக்கிறது. அடுத்த வாரம் அழுக்குப் பொட்டலத்துக்கே எல்லாரும் பாய்வார்கள். தாவீதின் படமும் வேண்டாம். வர்ணம் தீட்டக் கொடுப்பதானால், நிறப்பென்சில் பெட்டியிலிருந்து தன் கையின் நிறத்துக்கு எது பொருந்துகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் முதலில் தேடட்டும். இரண்டு மூன்று நிறங்களைக் கலந்தால்தான் வரும். அந்தத் தேடலுக்குப் பத்து நிமிடம் தாராளமாய்க் கொடுக்கலாம்.

பிற்பாடு 11ஆம் வசனம். ஏழு குமாரரும் கடந்துபோனபின் சாமுவேல் ஈசாயிடம், உன் பிள்ளைகள் இவ்வளவுதானா என்ற பொருளில் கேட்கிறார். இன்னும் ஒருவன் உண்டு, ஆடு மேய்க்கிறான் என்று தகப்பன் சொல்கிறான். மகனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவன் வரும்வரைக்கும் பந்திக்கு உட்காரமாட்டோம் என்று தீர்க்கதரிசி சொல்லிவிடுகிறார். ஊர் மூப்பர்களும் ஏழு அண்ணன்மாரும் நிற்கவேண்டியதாயிற்று, ஒரு பையனுக்காக.

இந்த இடத்தில் ஆசிரியர் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, இன்று வராதவர் யார் என்று கேட்கலாம். முதலில் நண்பர்களின் பெயர் வரும். சற்றுப் பொறுத்தால் மற்றவை வரும்: தாயும் தகப்பனும் ஷிப்டுக்குப் போனதால் தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவள், மொழி தெரியாததால் ஒரே முறை வந்து நின்றுபோனவன், பட்டப்பெயரால் மாத்திரம் அறியப்படுகிறவன். பட்டப்பெயர் சொன்னால், அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்கவேண்டும். வகுப்பில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் அந்த வாரத்துக்கான வேலை, அதை அறிந்துவருவது.

தைலம் வார்க்கப்பட்டபின் தாவீது எங்கே போனான் என்ற கேள்வியைச் சிறு பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். அரண்மனைக்கு என்று சொல்லிவிடக் கூடாது. சிலகாலம் கழித்துச் சவுல் ஆள் அனுப்பும்போதும் அவன் ஆடுகளோடேதான் இருக்கிறான் (16:19). எலியாபின் ஏளனமும் தீர்ந்தபாடில்லை. அது அடுத்த மாதப் பாடமாகிய 17ஆம் அதிகாரத்தில், 28ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு முன் கோலியாத்தின் படத்தை எந்த நிறத்தில் தீட்டுவது என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளட்டும்.