வெயில் விழும் பக்கம் பார்த்துச் செம்பருத்தி வாங்குங்கள்

கனடாவில் இருக்கும் என் அக்கா மகள் ஜூலை பிறந்தாலே எக்கினேசியா படங்களாக அனுப்பித் தள்ளுவாள். ஊதா இதழ்கள் கீழே மடிந்திருக்கும், நடுவில் முள்முள்ளாக ஒரு கூம்பு, அதன் மேல் தேனீ. "சித்தி, கிள்ளான்ல வருஷம் பூரா வெயிலாச்சே, நீங்களும் வைங்களேன்" என்பாள். வெயில் இருக்கிறது, சரி. அந்தச் செடி அதற்கு மேலும் இரண்டு கேட்கும். வட அமெரிக்கப் புல்வெளியில் பிறந்த அது, குளிர்காலத்தில் மேலே காய்ந்து வேரில் உறங்கி எழும் சாதி. பகல் 14 மணி நேர அளவுக்கு நீண்டால்தான் மனமார மொட்டு வைக்கும். கோலாலம்பூரோ நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 20 நிமிடம்தான். நமக்கு எக்கினேசியா என்றால் பெரும்பாலும் மருந்துக் கடையில் விற்கும் சளி மாத்திரைதான்.

அவள் வாசலில் அது பார்க்கும் வேலையை நம் வாசலில் பார்ப்பது செம்பருத்தி. வெயிலில் நிற்கும், வருஷக்கணக்கில் சாகாது, தினமும் பூக்கும். 1958இல் தேசிய மலருக்கு விவசாய அமைச்சு பெயர் கேட்டபோது மல்லிகை, தாமரை, ரோஜா, மகிழம்பூ எல்லாம் பட்டியலில் இருந்தன. 1960 ஜூலை 28இல் துங்கு அப்துல் ரஹ்மான் அறிவித்தது பூங்கா ராயா என்ற செம்பருத்தியை. மல்லிகை தோற்றதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனால் மண்ணில் கை வைத்தவர்கள் அந்த முடிவோடு சண்டை போட மாட்டார்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் மல்லிகைச் சரம் கிடைக்கும், ரோஜா மாலை கிடைக்கும், சாமந்தி கிடைக்கும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் அப்படியே. செம்பருத்தியை அங்கே பார்ப்பது அரிது, ஏனென்றால் காலையில் மலர்ந்தது மாலைக்குள் சுருண்டுவிடும். அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் வேண்டுமென்றால் நாமே வளர்த்தால்தான் உண்டு.

எந்தச் செம்பருத்தி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்க வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்கு?" நம் தாமான் தொடர் வீடுகளில் செடிக்குக் கிடைப்பது முன்வாசல் மட்டும்தான், அதிலும் பாதியைக் காரும் கூரையும் எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் வெயில் வருஷம் முழுக்க ஒரே மாதிரி விழுவதில்லை. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்கு பார்த்த வீட்டில் ஜூன் மாதம் வாசல் காயும். டிசம்பரிலோ வீட்டின் நிழலே உச்சிவேளையில் பத்தடி அளவுக்கு வாசலில் விழும். ஆண்டின் பெருமழை கொட்டும் நவம்பரும் அந்த நிழல் காலத்தில்தான் வருகிறது. நிழலும் ஈரமும் சேர்ந்தால் சொகுசுச் செடிகளுக்குக் கேடுகாலம். தெற்கு பார்த்த வீட்டுக்கு அந்த மாதங்களில் வெயில் இருப்பதால் மழை அவ்வளவாக வதைக்காது.

என்னைக் கேட்டால் கிழக்கு வாசல்தான் அதிர்ஷ்டம். நம் ஊரில் மதியத்துக்கு மேல் மேகம் கூடி இடியோடு மழை வருவது வழக்கம், காலை வெயிலை நம்பலாம். மேற்கு வாசலில் வெயில் வரும் நாளில் சிமெண்டுத் தரையும் சேர்ந்து கொதிக்கும், மேகம் போட்ட நாளில் ஒன்றுமே கிடைக்காது. நல்ல பூவுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். வாங்கும் முன் ஒரு விடுமுறை நாளில் வாசலில் நிழல் எங்கே எப்போது விழுகிறது என்று பார்த்து வையுங்கள்.

இனி ரகங்கள். எங்கே வைத்தாலும் பிழைப்பது, தோட்டத்து லயங்களில் பாட்டிமார் வேலியாக வைத்த ஒற்றையடுக்குச் சிவப்புதான். குச்சி வெட்டி நட்டாலே போதும். கிள்ளானின் பிசுபிசுத்த களிமண்ணிலும் நிற்கும், வடக்கு வாசல் டிசம்பரையும் தாண்டும். நிழலில் பூ குறையும், செடி சாகாது. புதிதாகத் தொடங்குபவர்கள் வேறு எதையும் பார்க்காமல் இதை வாங்கலாம். வெள்ளையிலும் மஞ்சளிலும் ஒற்றையடுக்கு உண்டு, குணத்தில் சிவப்புக்குக் கொஞ்சம் கீழே.

அடுக்குச் செம்பருத்தி பார்க்கப் பெருமைதான். எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை கிடையாது. இதழ்க்கட்டுக்குள் மழைநீர் தங்கும், கனம் தாங்காமல் பூ தலை குப்புறத் தொங்கி அழுகும். மாவுப்பூச்சி ஒளிவதற்கும் அந்த மடிப்புகள் வசதி. கூரை விளிம்பு மழையைத் தடுத்து, வெயிலை உள்ளே விடும் இடம் இருந்தால் வையுங்கள்.

இதழ்கள் கிழிந்த சரிகைபோல் பிரிந்து, நீண்ட காம்பில் ஜிமிக்கியாகத் தொங்குவது கிழக்கு ஆப்பிரிக்கச் செம்பருத்தி. பூ ஏற்கனவே தலைகீழாகத் தொங்குவதால் தண்ணீர் நிற்காது. மழை ஊருக்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கும். ஆனால் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வளைந்து படரும், சின்ன வாசலுக்குச் சரிவராது. மூலை வீட்டுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தேன்சிட்டுகளும் தேடி வரும். கடைசிவரை இதழ் விரிக்காத மிளகாய்ச் செம்பருத்தியிலும் அவை மொய்க்கும், ஆனால் அது செம்பருத்திக்கு உறவுதானே தவிர செம்பருத்தி இல்லை. அரைநிழல் மட்டுமே உள்ளவர்கள், பச்சையும் வெள்ளையும் ரோஜா நிறமும் கலந்த இலையுள்ள ரகத்தைப் பார்க்கலாம். பூ சின்னது, இலைதான் அழகு.

கடைசியாக, நர்சரியில் எல்லோரும் படம் பிடிக்கும் கலப்பின ரகங்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் சாம்பல், ஆரஞ்சு, காப்பி நிறம் என்று ஒரே பூவில் மூன்று வண்ணம். இவற்றில் சில, பூவை இரண்டு மூன்று நாள்கூட வைத்திருக்கும். பலவற்றுக்குச் சொந்த வேர் பலவீனம், அதனால் முரட்டு ரகத்தின் அடிக்கட்டையில் ஒட்டுக்கட்டி விற்பார்கள். தொடர்மழையில் வேர் அழுகிப் போவது இவைதான். கிழக்கு அல்லது தெற்கு வாசல், வடிகால் உள்ள தொட்டி, தினமும் எட்டிப் பார்க்கும் மனம் இருந்தால் வாங்குங்கள். பூஜைக்காக வாங்கினால் வீண் செலவு.

பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, "வாங்கறப்ப குட்டையா, தொட்டி நிறையப் பூத்துச்சு. இப்ப தென்னை மாதிரி வளருது, பூவைக் காணோம்" என்றார். செடியில் குற்றமில்லை. அடக்கமாகப் பூத்து நிற்க வளர்ச்சியைக் கட்டும் மருந்து கொடுத்து விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். மருந்து வடிந்ததும் செடி தன் சுய உயரத்துக்குப் போகும். அதற்குக் கவாத்துதான் வழி. செம்பருத்தி புதுத் துளிரில்தான் பூக்கும். மொத்தமாக வெட்டினால் மறுபடி பூக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். நமக்குக் குளிர்காலம் இல்லையாதலால் பாதிக் கிளைகளை இப்போது வெட்டி, அவை துளிர்த்த பிறகு மறுபாதியை வெட்டுங்கள். பூஜைக்குப் பூ நிற்காது.

உரத்தில் பாஸ்பரஸ் அதிகமுள்ள 'பூ உரம்' செம்பருத்திக்கு ஒத்துவராது. பொட்டாசியம் கூடி, பாஸ்பரஸ் குறைந்த கலவையாகப் பார்த்து, கொஞ்சமாக அடிக்கடி போடுங்கள். தொட்டி மண்ணோடு தேங்காய் நாரும் எரித்த உமியும் கலந்தால் மழைநீர் வடியும். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். ஏடிஸ் கொசுவின் குடம்பி அதில் இருந்தால், 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் சுகாதார அதிகாரிகள் 500 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். மாவுப்பூச்சி தெரிந்தால் சுருண்ட நுனியைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

ரகங்களை முதலில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கோலாலம்பூர் பெர்டானா தாவரவியல் பூங்காவில் செம்பருத்திக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. வாங்க, சுங்கை பூலோ. 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தவர்கள் பிழைப்புக்காக வளர்த்த செடிகளிலிருந்து பெருகியவை அங்குள்ள நர்சரிகள். பெருமழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். எந்த ரகத்தின் பூ மழையைத் தாங்கியது, எதன் மொட்டு தரையில் கிடக்கிறது என்று விற்பவரைக் கேட்காமலே தெரியும். பூ நிறைந்த செடியை விட, கிளை நிறைந்த செடியை எடுங்கள். தொட்டியைச் சாய்த்து, ஓட்டை வழியே வரும் வேர் வெளுப்பாக இருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுச்செடியானால் ஒட்டு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதற்குக் கீழே வரும் தளிரையெல்லாம் உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிக்கட்டை ரகம் மேலெழுந்து, காசு கொடுத்த ரகத்தை ஓரங்கட்டிவிடும்.