தட்டு சுழலுது, சத்தம் வரலையே!

ஆசையாக ஒரு டர்ன்டேபிள் வாங்கி, வீட்டிலிருக்கும் சோனோஸ் ஃபைவ் ஸ்பீக்கரில் இணைத்தேன். வால்யூமை முழுக்கக் கூட்டினாலும் பாட்டு முனகலாகத்தான் வருகிறது. எது பழுது?

இரண்டுமே நலம். நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

முள்ளைத் தாங்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஸ்பீக்கரின் லைன்-இன் துளைக்கு அதைப்போல் பல பத்து மடங்கு வேண்டும். போதாக்குறைக்கு, இசைத்தட்டில் பேஸைக் குறைத்து, ட்ரெபிளைத் தூக்கித்தான் பதிந்திருப்பார்கள். 1954-ல் அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்த கணக்கு அது. இரண்டையும் நேர்செய்வது ப்ரீஆம்ப்தான்.

முதலில் டர்ன்டேபிளின் பின்பக்கம் பாருங்கள். ‘ஃபோனோ–லைன்’ சுவிட்ச் இருந்தால் லைனுக்குத் தள்ளுங்கள்; செலவே இல்லை. ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற மாடல்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே உண்டு. இல்லையென்றால் தனியாக ஒன்று வாங்கி நடுவில் வையுங்கள். டர்ன்டேபிளில் எர்த் வயர் இருந்தால் ப்ரீஆம்பின் திருகில் முடுக்கிவிடுங்கள். ‘ங்ங்ங்’ என்ற இரைச்சல் அடங்கும். ப்ரீஆம்பிலிருந்து ஃபைவுக்கு, ஒரு முனை ஆர்.சி.ஏ., மறுமுனை 3.5 மி.மீ. உள்ள வயர் போதும்.

பிறகு சோனோஸ் செயலியில் ‘லைன்-இன்’ தேர்ந்தெடுங்கள். மற்ற அறைகளின் சோனோஸ் ஸ்பீக்கர்களையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு வயர் வேண்டாம்.

ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். பேஸ் அதிர்வு முள்ளுக்கு ஏறினால் ஊளைச் சத்தம்தான் கேட்கும்.