அழுத்தத்தில் ஆக்சிஜன்



2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு வந்த கறுப்புப் பூஞ்சையை நாம் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஜூலைக்குள் நாடெங்கும் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். மண்ணிலும் மக்கும் குப்பையிலும் என்றும் இருக்கும் பூஞ்சைதான் இது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தபோது மூக்கு, கண், மூளை வரை பரவியது. விபத்துப் புண்ணில் மண் புகுந்தும் வரலாம்.

இப்பூஞ்சை ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை கறுத்துச் சாகும்; மருந்தும் அங்கே போய்ச் சேராது. இங்கேதான் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை துணைக்கு வருகிறது.

ரயில் பிரேக்கின் காற்றழுத்தத்தோடு காலம் கழித்த எனக்கு இதன் தத்துவம் எளிது. அழுத்தம் ஏறினால் சோடாவில் வாயு அதிகம் கரைகிறதல்லவா? அதேதான். மூடிய அறையில், வளிமண்டலத்தைப்போல் 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில், சுமார் 90 நிமிடம் நோயாளி தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பார். சிவப்பணுக்கள் சுமப்பது போக, ரத்த நீரிலும் ஆக்சிஜன் மிகுதியாகக் கரையும். புண்ணின் ஓரத்துச் சதைக்கு உயிர் கிடைக்கும்; வெள்ளணுக்கள் வலுப்பெறும்.

ஆனால் பூஞ்சை நோய்க்கு இது பயன்படுவதாகச் சொல்லும் ஆய்வுகள் சிறியவையே. காதில் வலி வரலாம். தீ அபாயமும் உண்டு: 1997இல் இத்தாலியின் மிலான் நகரில் இத்தகைய அறை எரிந்து 11 பேர் இறந்தனர்.

செத்த சதையை அறுத்து நீக்குவது, ஆம்போடெரிசின்-பி மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகிய மூன்றுமே முதல் சிகிச்சை. தேவ்நாரிலோ தாராவியிலோ, சர்க்கரை உள்ளவருக்கு ஒருபக்க முகவலி, கண்வீக்கம், மூக்கில் கறுத்த கசிவு கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆக்சிஜன் அறை எங்கே என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம்.