விட்டிலும் பொன் அகழெலியும்: ஓர் ஒப்பீடு

இரு மொழிக் காப்பியங்களை அருகருகே வைத்து ஆராய்வது தமிழ்த்துறையினராகிய நமக்குப் பழக்கமானது. அம்முறையை இரண்டு உயிரினங்களின்மீது செலுத்திப் பார்ப்போம். ஒன்று மடகாஸ்கர் தீவின் அந்திவண்ண விட்டில். மற்றொன்று தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் மண்ணுக்கடியில் வாழும் பொன் அகழெலி. விட்டில் என்றதும் விளக்கில் வீழும் பூச்சியும், அல்காரிஆ அத்தியாயத்தில் வரும் உவமையும் நம் நினைவுக்கு வரும். நாம் கூறும் விட்டிலோ பகலில் பறப்பது. அது பூச்சி, அகழெலியோ பாலூட்டி. உறவு ஏதுமில்லை. ஆயினும் இரண்டும் மின்னுகின்றன.

மின்னும் வகையும் ஏறத்தாழ ஒன்றே. விட்டிலின் சிறகை ஓடு வேய்ந்தாற்போல் செதில்கள் மூடியுள்ளன. ஒவ்வொரு செதிலிலும் மெல்லிய படலங்களும் காற்றிடைவெளிகளும் மாறிமாறி அமைந்துள்ளன. ஒளி அவற்றில் பட்டு மீளும்போது பச்சையும் செம்பொன்னும் ஊதாவும் தோன்றுகின்றன. அவை சாயத்தால் வந்தவை அல்ல. சோப்புக் குமிழியில் நாம் காணும் வண்ணங்களைப் போன்றவை. பொன் அகழெலிகளின் மயிர் தட்டையானது என்றும், அதன்மேலும் இத்தகைய படலங்கள் அடுக்கடுக்காக உள்ளன என்றும் 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

பயனில்தான் இரண்டும் பிரிகின்றன. விட்டிலின் புழு நச்சுச் செடியைத் தின்று வளர்கிறது. அந்நஞ்சு பறக்கும் பருவத்திலும் உடலில் தங்குகிறது. ஆகவே அதன் நிறம் பறவைகளுக்கு ஓர் எச்சரிக்கை. அகழெலிக்கோ கண்கள் தோலால் மூடப்பட்டுள்ளன. தன் இணையின் பொன்னொளியை அது ஒருபோதும் கண்டதில்லை. பின் அவ்வொளி யாருக்காக? மண்ணில் தடையின்றி வழுக்கிச் செல்ல அமைந்த வழவழப்பின் உடன்விளைவாகவே அது இருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அழகு என்றால் அதற்கொரு நோக்கர் வேண்டும் என்னும் நம் எண்ணத்தை இச்சிற்றுயிர் அசைத்துவிடுகிறது.

தோற்றம் அறிஞரையும் மயக்கியதுண்டு. 1758இல் லின்னேயஸ் இவ்வகழெலியை ஐரோப்பிய அகழெலியின் இனத்தோடு சேர்த்து, ஆசியாவுக்குரியதெனப் பெயரிட்டார். 1773இல் துரூரி அவ்விட்டிலைப் பட்டாம்பூச்சியாகக் கொண்டார்; அது சீனத்திலிருந்து வந்ததென அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இன்றைய மரபணு ஆய்வோ, பொன் அகழெலியை யானையும் அடங்கிய ஆப்பிரிக்கப் பாலூட்டிக் கிளையில் சேர்க்கிறது. எனினும் விலங்கியல் பெயரீட்டு விதியில் முந்திய பெயருக்கே உரிமை என்பதால், ஆசியாவைக் காணாத அவ்வுயிர் இன்றும் 'ஆசியாட்டிக்கா' என்றே வழங்கப்படுகிறது.