தையல் இல்லாத புண்

"அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஆள் அத்தோட முடிஞ்சாருங்க." சேலம், நாமக்கல் பக்கம் அறுபதைத் தாண்டிய ஆண்கள் புராஸ்டேட் அறுவை சிகிச்சையைப் பற்றி இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சை நம்பியே பலர் சொட்டுச் சொட்டாகப் போவதையும், இரவில் நாலைந்து முறை எழுவதையும் வருடக்கணக்கில் சகித்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் முழுக்க அடைத்துக்கொண்டு, அடிவயிறு உப்பி, வலி தாங்காமல் துடிக்கும்போதுதான் வீட்டார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்குள் சிலருக்குச் சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருக்கும்.

2007 செப்டம்பரில், பிரதமராக இருந்தபோதே, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் புராஸ்டேட் அறுவை செய்துகொண்டார் மன்மோகன் சிங். அதன்பிறகு 2014 மே வரை அதே நாற்காலியில் இருந்தார். அமெரிக்க அதிபர் ரீகன் 1987 ஜனவரியில் செய்துகொண்டார். பிரிட்டன் மன்னர் சார்லஸ் 2024 ஜனவரியில் புராஸ்டேட் வீக்கத்துக்காகவே லண்டனில் சிகிச்சை பெற்றார். மூவருக்கும் அப்போது ஏறக்குறைய 75 வயது. சார்லஸ் செய்தியை மறைக்காமல் முன்கூட்டியே அறிவித்ததும், அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையின் இணையதளத்தில் இந்த நோயைப் பற்றிப் படிக்க வந்தவர்களின் எண்ணிக்கை ஒரே நாளில் பத்து மடங்குக்கு மேல் கூடியது. நம் ஊரிலும் யாராவது வெளிப்படையாகப் பேசினால் எத்தனை பேருக்கு நிம்மதியாக இருக்கும்!

பயம் ஒரு பக்கம் என்றால், அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களிடம் நேர்மாறான ஓர் அலட்சியத்தைப் பார்க்கிறேன். அதுதான் அதிகத் தொல்லை தருகிறது.

"கத்தியே படலை, தையலும் இல்லை. நாளைக்கே தோட்டத்துக்குப் போகலாம்"

வெளியே தழும்பு இல்லை என்பது நிஜம். டி.யு.ஆர்.பி. என்று டாக்டர்கள் சொல்லும் முறையில், சிறுநீர் வரும் வழியாகவே ஒரு மெல்லிய கருவியைச் செலுத்துகிறார்கள். அதன் நுனியில் மின்சாரம் பாயும் கம்பி வளையம் இருக்கும். அடைத்துக்கொண்டிருக்கும் சதையை அந்த வளையத்தால் சிறு சிறு சீவலாகச் செதுக்கி, நீர் பாய்ச்சி வெளியே எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் செதுக்கிய இடம் முழுக்க உள்ளே பச்சைப் புண். அதன் மேலேதான் ஒவ்வொரு முறையும் சிறுநீர் போகிறது. முழங்காலில் சிராய்த்த காயம் பொருக்குத் தட்டி உதிர்வதைப்போல அந்தப் புண்ணும் பொருக்குத் தட்டும். பத்து நாள், இரண்டு வாரம் கழித்துப் பொருக்கு உதிரும்போது, நன்றாகத் தெளிந்திருந்த சிறுநீர் திடீரென்று சிவக்கும். "தையல் விட்டுப்போச்சுங்களா டாக்டர்?" என்று பதறி ஓடி வருகிறார்கள். விட்டுப்போகத் தையலே கிடையாது. தண்ணீரைக் கூட்டிக் குடித்து, ஒரு நாள் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அந்தப் புண் முழுதாக ஆற ஆறு வாரம் ஆகும். அதுவரை நாற்பது லிட்டர் பால்கேனைத் தூக்கி மொபட்டில் வைப்பது, உரமூட்டையைத் தோளில் ஏற்றுவது, குடத்தில் தண்ணீர் சுமப்பது எதுவும் கூடாது. இரு சக்கர வண்டி ஓட்டுவதையும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போட வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் நாமக்கல் லாரிகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய சோதனை. வண்டி நின்றால் வருமானம் நின்றுவிடும் என்பது புரிகிறது. இருந்தாலும் மூன்றாம் வாரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து, வடநாட்டு நெடுஞ்சாலையில் எங்கோ ஓரிடத்தில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அங்கே படும் பாடு அந்த மூன்று வார வருமானத்தைவிட மிகப் பெரியது. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே ஒன்றரை மாதத்துக்கு மாற்று ஏற்பாட்டைச் செய்துவிடுவது நல்லது.

அதற்காக ஆறு வாரமும் கட்டிலிலேயே படுத்துக்கிடக்க வேண்டும் என்பதும் தப்பு. அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். டாக்டர் எழச் சொன்ன நாளிலிருந்தே வீட்டுக்குள்ளும் வாசலிலும் மெல்ல நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும்.

"தண்ணி குடிச்சா அடிக்கடி போகணும், எரியும். குறைச்சுக்கோங்க மாமா"

அக்கறையோடு சொல்லப்படும் இந்த யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது மேலே உப்புநீர்ப் பைகளைத் தொங்கவிட்டு, ட்யூப் வழியாக உள்ளே விட்டு, ரத்தம் கட்டியாகாமல் கழுவிக்கொண்டே இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்த வேலையைச் செய்வது நீங்கள் குடிக்கும் தண்ணீர்தான். குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர் சுண்டும், எரிச்சல் கூடும், ரத்தம் கட்டி தட்டும், கிருமியும் தங்கும். சித்திரை வெயிலில் வியர்வையிலேயே பாதி போய்விடும் ஊர் நம்முடையது. பகலில் இரண்டரை, மூன்று லிட்டர் குடிக்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் குறைத்துக்கொண்டால் இரவில் தூக்கம் கெடாது. இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் இளநீரையும் கேட்டே குடிக்க வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் பழுதான சிறுநீரகத்துக்குச் சுமை.

நிறத்தைக் கவனிப்பது எளிய வழி. வெளிர் சிவப்பாகவோ லேசான பழுப்பாகவோ நான்கு வாரம் வரை விட்டுவிட்டு வரலாம், பயமில்லை. அடர் சிவப்பாகக் கெட்டியாக வந்தாலும், கட்டி கட்டியாக விழுந்தாலும், முட்டிக்கொண்டு வந்தும் போக முடியாவிட்டாலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

சிலரை ட்யூபோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். சிறுநீர்ப் பையைக் கட்டில் மேலே, கூடவே படுக்க வைக்கிற வழக்கத்தைப் பல வீடுகளில் பார்க்கலாம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். மேலே வைத்தால் வெளியே வந்த நீர் திரும்ப உள்ளே ஓடும், கிருமியும் கூடவே போகும். பை முக்கால் நிறைவதற்குள் காலி செய்துவிட வேண்டும். வேட்டிக்குள் மறைக்கிறேன் என்று ட்யூபை மடக்கிச் செருகினால் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு யாரோ வருகிறார்கள் என்ற கூச்சத்தில் இப்படி மடக்கி வைத்து அவதிப்படுபவர்களை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

"முட்டை சூடு, புண்ணு சீழ் பிடிக்கும்"

நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லில், அறுவை முடிந்த பெரியவருக்கு ஒரு முட்டை கொடுக்கப் பயப்படுகிறார்கள். முட்டையால் சீழ் பிடிக்காது. சீழ் கிருமியால் வருவது. சதை வளர்ந்து புண் மூடப் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. ரசஞ்சோற்றையும் பிரெட்டையும் மட்டும் கொடுத்துப் பத்தியம் காத்தால் உடம்பு தேற நாளாகும். உண்மையான பத்தியம் ஒன்றுதான்: மலச்சிக்கல் வரக்கூடாது. முக்கினால் உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, ஆறிக்கொண்டிருக்கும் புண் மறுபடி கசியும். கீரை, கொய்யா, வாழைப்பழம், கம்பு, ராகி எல்லாம் அதற்குத்தான். அப்படியும் இறுகினால் டாக்டரிடம் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு நாம் காப்புக் கட்டும் பூளைப்பூச் செடியையும் நெருஞ்சிலையும் கஷாயம் வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. எதைக் குடித்தாலும் டாக்டருக்குச் சொல்லிவிட்டுக் குடியுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் நாள் உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்தது, யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம். ஆண்மை போய்விடுமா? விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டின் வெளி உறையை ஒட்டிப் போகின்றன. செதுக்கி எடுப்பதோ உள் சதையை. ஆகவே அறுவைக்கு முன்பு இயல்பாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பின்பும் அது இயல்பாகவே இருக்கும். மாறுவது வேறொன்று. சிறுநீர்ப்பையின் கழுத்து முன்போல இறுகி மூடாததால், விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய், பிறகு சிறுநீரோடு கலந்து வெளியேறுகிறது. பத்தில் ஆறேழு பேருக்கு இது நிரந்தரமாகவே நடக்கும். உடம்புக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை, குழந்தை பெறும் வாய்ப்பு மட்டும் குறையும். இதை அறுவைக்கு முன்பே சொல்லாமல் விடுவதால்தான் எத்தனையோ பேர் தங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உள்ளுக்குள் நொறுங்குகிறார்கள். கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து டாக்டர்கள் இதைச் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு தாம்பத்தியத்துக்குத் தடையில்லை.

ட்யூபை எடுத்த புதிதில் அவசரமாக வருவதும், பாத்ரூம் போவதற்குள் சொட்டிவிடுவதும் சகஜம். அடைப்பை எதிர்த்துப் பல வருடம் முக்கித் தடித்துப்போன சிறுநீர்ப்பை, பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் கேட்கும். அதுவரை, காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. கட்டுப்பாடு நிரந்தரமாகப் போவது மிகச் சிலருக்கே.

லேசர் அறுவை என்றால் புண்ணே இருக்காது என்பது விளம்பரம் வளர்த்த நம்பிக்கை. ரத்தப்போக்கு குறைவு, ட்யூப் சீக்கிரம் எடுக்கலாம், அது உண்மை. உள்ளே ஆற வேண்டிய புண் அங்கேயும் உண்டு. விந்து பின்னோக்கிப் போவதும் உண்டு.

"அதான் எடுத்தாச்சே, இனி கேன்சர் வராது" என்பது கடைசி நம்பிக்கை. டி.யு.ஆர்.பி.யிலும் லேசரிலும் எடுப்பது பாதையை அடைத்த உள் சதையை மட்டுமே. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குகிற வெளிப் பகுதி அப்படியேதான் இருக்கிறது. எனவே பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை இனி தேவையா, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். டிஸ்சார்ஜ் ஆன மகிழ்ச்சியில் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு சிலருக்கு யாரும் எதிர்பாராத புற்றுநோய் அந்தத் தாளில்தான் முதன்முதலில் தெரியவருகிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, "சதைப் பரிசோதனை ரிசல்ட் வந்துருச்சுங்களா?" என்று கேட்டு, அந்தத் தாளைக் கையில் வாங்குங்கள்.